ஆளில்லாத மலைன்னு யாருங்க சொன்னது?

போன வாரம் ஒரு சைக்கிள் வீடியோ பார்த்தேன். பார்த்ததுல இருந்து மனசு ஆறல.

வெளிநாட்டுக்காரர் ஒருத்தர். நல்ல சைக்கிள், நல்ல கேமரா. நம்ம இலங்கை ஊவா மலையில, தேயிலைக்கு நடுவுல, கிரவல் ரோட்டுல அருமையா ஓட்டுறாரு. எனக்குத் தெரிஞ்ச ரோடுதான், முடக்கு ஒவ்வொண்ணும் தெரியும். ஆனா வீடியோ நெடுக "ஆளே இல்லாத மலை, ஆளே இல்லாத பாதை"ன்னு சொல்லிக்கிட்டே போறாரு. அவர் அதைச் சொல்ற நேரத்துல, அவருக்கு வலது கைப் பக்கம், கொழுந்துச் சாக்கைத் தலையில மாட்டிக்கிட்டு ஒரு கூட்டமே மலையில நிக்குது! அதுல ஒரு அக்கா கையை வேற ஆட்டுறாங்க.

(வீடியோவை நிப்பாட்டி, பின்னாடி இழுத்துத் திரும்பவும் பார்த்தேன். ஆமா, ஆட்டுறாங்க.)

அவரு மேல எனக்குக் கோபம் இல்ல. ஓட்டுற சந்தோசத்துல கண்ணுக்குத் தெரியாம போயிருக்கும். ஆனா இந்த மலையில எங்க சைக்கிள் ஓட்டலாம், எப்படி ஓட்டலாம்னு நம்ம பாஷையில நம்ம ஆள் ஒருத்தர் எழுதணும் இல்லையா? அதான் உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும். ஒரு பிளேன்டி ஊத்திக்கிட்டு வாங்க.

முதல்ல ரோட்டைப் பத்தி.

தோட்டத்து ரோடுன்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்காதீங்க. மூணு விதம் இருக்கு. கால்ல பெடலை மிதிச்ச உடனே எது எதுன்னு தெரிஞ்சிரும்.

பழைய வண்டி ரோடு இருக்கே, அதுதான் ராஜா. மாட்டு வண்டிக்காகப் போட்டது. காப்பி மூட்டையையும் அரிசி மூட்டையையும் ஏத்திக்கிட்டு மாடு ஏறணும்னா செங்குத்தா ரோடு போட முடியுமா? அதனால மலையை ஒட்டியே, ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் நுழைஞ்சு, ஓடையைத் தாண்டி, திரும்ப வெளியே வந்து, ஒரே சீரான ஏத்தத்துல போகும். சைக்கிள்காரனுக்கு இதைவிட வேற என்ன வேணும்? ஒரு கியர் போட்டா அதுலயே அரை மணி நேரம் உக்காந்து மிதிச்சுக்கிட்டே போகலாம். மூச்சு வாங்காது. பேசிக்கிட்டே போகலாம்.

அப்புறம் வந்தது கொங்கிரீட் ரோடு. இது த்ரீவீலுக்கும் லொறிக்கும் போட்டது. நேரா மேல ஏறும். சில இடத்துல முன் டயர் தூக்கும். மழை பேஞ்சு பாசி பிடிச்சிருந்தா இறங்குறப்போ கவனம், கிரவலைவிட இதுதான் வழுக்கும்.

மூணாவது, குறுக்கு. லயத்து வீட்டுல இருந்து மலைக்கும், மலையில இருந்து தேயிலை ஸ்டோருக்கும் நம்ம சனங்க நடந்து நடந்தே உண்டாக்கின ஒத்தையடிப் பாதை. படி படியா, வேரும் கல்லுமா இருக்கும். மவுண்டன் பைக் வச்சிருக்கிற தம்பிங்களுக்கு இதைப் பார்த்தா கை அரிக்கும். தயவுசெஞ்சு வேணாம். எதிர்ல இருபது கிலோ கொழுந்தைத் தலையில சுமந்துக்கிட்டு ஒருத்தங்க ஏறி வருவாங்க. அவங்களால ஒதுங்க முடியாது. நீங்கதான் இறங்கித் தள்ளணும்.

அந்த வண்டி ரோட்டோரமா ஒரு கல்லுக்கட்டு இருக்கும் பாருங்க. நீங்க போற வேகத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க. ஒரு தடவை இறங்கி நின்னு பாருங்க. அடியில பெரிய கல்லு, மேல போகப் போகச் சின்னக் கல்லு. நடுவுல சந்து விழுற இடத்துல எல்லாம் சில்லுக் கல்லைச் செருகி அடிச்சிருக்கும். கட்டு முழுசும் மலைப் பக்கம் லேசா சாஞ்சு நிக்கும். ஒரு சொட்டு சிமெண்ட் கிடையாது. மழை நாள்ல போனா கல்லுக்கு இடையில இருந்து தண்ணி கசிஞ்சு இறங்குறதைப் பார்க்கலாம். அது பழுது இல்ல, அதுதான் அதோட பலம். மலைக்குள்ள இறங்குற தண்ணி கட்டுக்குப் பின்னாடி தேங்காம வெளியே வந்துருது. தண்ணி போக ஓட்டை வைக்காம சிமெண்டுல கட்டின சுவரெல்லாம் பெருமழையில வயிறு தள்ளி விழுந்து கிடக்க, இந்தக் கல்லுக்கட்டு பெரணி முளைச்சு, பாசி படிஞ்சு, அப்படியே நிக்குது.

தண்ணி ஓடுற கானும் அப்படித்தான். ரோட்டுக்கு மேல் பக்கம் ஒரு கான், ரோட்டுக்கு அடியில குறுக்கால ஒரு கான். மழைக்கு முன்னாடி கான் வெட்டிச் சுத்தம் பண்ணியிருந்தா ரோடு நல்லா இருக்கும். அடைச்சிருந்தா தண்ணி ரோட்டு மேலயே ஓடி, நடுவுல ஒரு பள்ளத்தை அறுத்துட்டுப் போயிரும். எங்க தாத்தா கான் வெட்டுற கேங்குல இருந்தவரு. ரோட்டைப் பார்த்தே எந்தத் துரை இருந்தப்போ போட்டதுன்னு சொல்லுவாரு. எனக்கு அந்த அறிவு இல்ல. ஆனா புது ரோட்டுல இறங்குறதுக்கு முன்னாடி கானைப் பார்க்கிற பழக்கம் அவருகிட்ட இருந்து வந்ததுதான். கான் சுத்தமா இருந்தா பிரேக்கை விட்டு இறங்கலாம். அடைச்சிருந்தா மெதுவா.

சரி, வழிக்கு வருவோம்.

பதுளையில இருந்து ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஸ்பிரிங்வெலிப் பக்கம். பதுளை டவுன் கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 680 மீட்டர். தலைக்கு மேல தெரியுற நமுனுகுல உச்சி 2,036 மீட்டர். அந்த மலையோட மடியில ஏறிப் போற ரோடுதான் ஸ்பிரிங்வெலி ரோடு. காப்பிக் காலத்துலயே இங்க தோட்டம் இருந்துச்சு. 1869ல காப்பி இலையில பூஞ்சை நோய் வந்து, அடுத்த இருபது வருசத்துல காப்பி மொத்தமா அழிஞ்சு, தேயிலை வந்துச்சு. பயிர் மாறிச்சு, துரைமார் மாறினாங்க. அங்கங்க ரோடு மட்டும் அந்தப் பழைய வளைவுலயே கிடக்கு.

ஏறும்போது கீழ கிராமத்து வயல், வாழை, பாக்கு. கொஞ்சம் மேல போனா தேயிலை, அதுக்கு நடுவுல சவுக்கு மரம். இன்னும் மேல டர்பண்டைன் மரக்காடு, அதையும் தாண்டினா மானாப்புல்லு. காத்து மாறுறதை மூக்கே சொல்லும். ஸ்டோர் ஓடுற நேரத்துல போனீங்கன்னா பச்சைக் கொழுந்து வாடுற வாசம் ரோட்டுக்கே வரும். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க வறண்ட காத்து அடிக்கும். அந்தக் காத்துல கொழுந்து வாடி வதங்கி, செடிக்குள்ள மெத்தைல் சாலிசிலேட்டுன்னு ஒரு பொருள் கூடுது. நம்ம வலிக்குத் தேய்க்கிற தைலத்துல வர்ற அதே வாசம். ஊவா தேயிலைக்கு உலகச் சந்தையில இருக்கிற பேருக்கு அந்தக் காத்தும் அந்த வாசமும்தான் காரணம். எதிர்க்காத்துல மூச்சு முட்ட ஏறும்போது இதை நினைச்சுக்குவேன். கொஞ்சம் தெம்பா இருக்கும்.

வழியில சாமியும் இருக்கு. மாரியம்மன் எல்லாத் தோட்டத்துலயும் இருக்கா. அது போக கொழுந்துச்சாமி, கவ்வாத்துச்சாமி, ஸ்டோர் பக்கம் ரோதைமுனின்னு மலையகத்துல நம்ம சனங்க வேலைக்குன்னே வச்சுக்கிட்ட சாமிங்க உண்டு. ஒரு மரத்தடி, ரெண்டு கல்லு, ஒரு சூலம். அவ்வளவுதான் கோயில். சுற்றுலாப் புத்தகத்துல இதெல்லாம் வராது. மெஷின்ல கை மாட்டிக்கக் கூடாது, கவ்வாத்துக் கத்தி காலைப் பதம் பார்க்கக் கூடாதுன்னு கும்பிட்ட சனங்களோட சரித்திரம் அந்த ரெண்டு கல்லுல இருக்கு. நான் அங்க சைக்கிளை நிறுத்தாம போறதில்ல.

பதுளை டவுனுக்குள்ளயும் ஒரு சுத்து சுத்தணும். முத்தியங்கன விகாரை இருக்கு, கதிர்காம தேவாலயம் இருக்கு. அப்புறம் செயின்ட் மார்க்ஸ் சேர்ச். மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பதுளையில உதவி அரசாங்க அதிபரா இருந்தவரு. அவரு நினைவா 1857ல திறந்த சேர்ச் அது. 1,400க்கு மேல யானையைச் சுட்டவருன்னு சொல்லுவாங்க. 1845ல அப்புத்தளையில இடி விழுந்து செத்துப்போனாரு. உள்ளே கல்வெட்டுல அவரு பேரு, பதவி, செத்த தேதி எல்லாம் வெட்டி வச்சிருக்கு. அவருக்கு ஒரு சேர்ச்சே இருக்கு. நான் மேல சொன்ன அந்தக் கல்லுக்கட்டைக் கட்டினவங்களுக்கு? ஒரு பேரு கூட எங்கயும் இல்ல. சேர்ச்சைப் பார்க்க வேணாம்னு சொல்லல. பாருங்க. பார்த்துட்டு, ரோட்டையும் அதே மரியாதையோட பாருங்கன்னு சொல்றேன்.

அடுத்தது போகொட பாலம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாதி நாள் ஓட்டம் இதுதான். பதுளையில இருந்து ஹாலிஎல வந்து, அங்க இருந்து உள்ளுக்குத் திரும்பணும். தோட்டம் குறைவு, கிராமம் அதிகம். வயலுக்கு நடுவுல, ஓடைக்குப் பக்கத்துல ரோடு இறங்கி ஏறி இறங்கிப் போகும். கடைசியில கல்லந்த ஓயா மேல ஒரு மரப்பாலம். கூரையோட! தலைக்கு மேல ஓடு வேய்ஞ்சு, ரெண்டு பக்கமும் கடைசல் மரக் கிராதி வச்சு, ஏறக்குறைய 50 அடி நீளம், 6 அடி அகலம். 16ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. பதுளையில இருந்து கண்டிக்கு நடந்து போன பழைய வழி இது. பக்கத்துலயே குகைக் கோயில், அதுல பிராமிக் கல்வெட்டு. ரோடு, ரயிலெல்லாம் வர்றதுக்கு எத்தனையோ காலத்துக்கு முந்தியே இந்த மலையில ஆளுங்க வழி போட்டு நடந்திருக்காங்க.

(பாலத்து மேல சைக்கிளை ஓட்டாதீங்க. தள்ளிக்கிட்டுக் கூட வேணாம். மேல நிறுத்திட்டு, செருப்பைக் கழட்டிட்டு, நடந்து போய்ப் பாருங்க.)

இந்த ஊவாக் கிராமங்களுக்குள்ள போகும்போது இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கணும். 1817ல வெள்ளைக்காரனுக்கு எதிரா பெரிய கிளர்ச்சி வெடிச்சது இங்கதான். அடுத்த வருசம் அதை அடக்கினப்போ வயலையும் வீட்டையும் எரிச்சு, கால்நடையைக் கொன்னு, ஊவாவையே காலி பண்ணிட்டாங்க. தலைமை தாங்கின கெப்பெட்டிபொலவை 1818 நவம்பர்ல கண்டியில தலையை வெட்டினாங்க. அதுக்குப் பின்னாடிதான் காப்பி வந்துச்சு, தோட்டம் வந்துச்சு, இந்தியாவுல இருந்து நம்ம முன்னோருங்க கடல் தாண்டி வந்து, மலைக்கு நடந்தே ஏறினாங்க. கீழ வயல்ல இருக்கிறவங்களுக்கும் மேல லயத்துல இருக்கிறவங்களுக்கும் கதை வேற வேறதான். ரெண்டையும் ஒரே காலையில சைக்கிள்ல தாண்டிப் போறோம்.

அப்புத்தளைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா சொல்லிடுறேன். டவுன்ல இருந்து தம்பேதென்ன ஸ்டோர், அங்க இருந்து தேயிலைக்கு நடுவுல ஒரு 7 கிலோமீட்டர் ஏறினா லிப்டன் சீட். ஸ்டோர் 1890ல தேயிலை வியாபாரி லிப்டன் கட்டினது. உச்சியில அவரு சிலை உக்காந்திருக்கு. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிருங்க. ஒன்பது மணி தாண்டினா மேகம் மூடி ஒண்ணும் தெரியாது. திரும்பி வந்த வழியே இறங்காம, பண்டாரவளைப் பக்கம் இறங்குற தோட்டத்து ரோட்டை ஸ்டோர்ல கேட்டுக்கிட்டுப் போனா அது இன்னும் அழகு.

அப்புத்தளைக்கு மேற்கால அடிசம் பங்களா. சர் தாமஸ் வில்லியர்ஸ்னு தோட்டக் கம்பெனி நடத்தின ஒருத்தர் 1931ல கட்டி முடிச்ச கல் மாளிகை. இப்போ பெனடிக்ட் சபைத் துறவிங்க மடம். அவங்க செய்யுற ஜாம் நல்லா இருக்கும், ரெண்டு போத்தல் வாங்கிப் பையில போட்டுக்கங்க. சுத்தி இருக்கிறது தங்கமலைச் சரணாலயம். காடுன்னா காடு, பட்டப்பகல்லயே இருட்டு. அதுக்குள்ள சைக்கிள் வேணாம், நடங்க. அங்க இருந்து இதல்கஸ்ஹின்ன வரைக்கும் தண்டவாளத்து மேலயே சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறவங்களையும் பார்த்திருக்கேன். ரயில் வர்ற தண்டவாளம்ங்க அது! சுரங்கம் எல்லாம் இருக்கு. வேணாம்.

ரயில்னதும் தெமோதரை ஞாபகம் வருது. எல்லயில ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எல்லாரும் போறாங்க. 1921ல முடிஞ்சது, 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், இரும்பு இல்லாம கல்லுலயும் செங்கல்லுலயும் கட்டினது. பார்க்க வேண்டியதுதான். ஆனா பக்கத்துல தெமோதரை ஸ்டேஷனுக்குப் போறவங்க அவ்வளவு இல்ல. எல்லயில இருந்து வர்ற ரயில் ஸ்டேஷன்ல நிக்கும். அப்புறம் ஒரு குன்றைச் சுத்தி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள புகுந்து பதுளைக்குப் போகும். ரயிலுக்கு 44 அடிக்கு ஒரு அடிக்கு மேல ஏத்தம் இருக்கக் கூடாதுன்னு கணக்கு. அந்தப் பள்ளத்துல வேற வழியே இல்ல. அப்போ ஒரு தோட்டத்துக் கங்காணி தலைப்பாகையை அவுத்து, சுத்தித் திரும்பக் கட்டினதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு இந்த யோசனை வந்துச்சுன்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதைதான். ஆனா எனக்குப் பிடிச்ச கதை. அதுல எஞ்சினியருக்குப் பேரு உண்டு, கங்காணிக்குப் பேரு கிடையாது.

(1894ல பண்டாரவளை வரைக்கும் வந்த ரயில், பதுளைக்கு வந்து சேர 1924 ஆச்சு. முப்பது வருசம்! அந்த மலையைப் பார்த்தா ஏன்னு புரியும்.)

இப்போ பூணாகலை.

பண்டாரவளையில இருந்து பூணாகலை வழியா கொஸ்லந்தைக்கு இறங்குற ரோடு, ஊவாவுல நான் ஓட்டினதுலயே பெரிய இறக்கம். குளிர்ல ஸ்வெட்டரோட கிளம்பி, கீழ வரும்போது வேர்த்து ஊத்தும். தேயிலை, காடு, மிளகுக்கொடி, தென்னைன்னு ஒவ்வொண்ணா மாறும். கீழ தியலும நீர்வீழ்ச்சி, 220 மீட்டர். இலங்கையில இதைவிட உயரம் பம்பரகந்த ஒண்ணுதான். ரெண்டுமே நம்ம பதுளை மாவட்டம்.

ஆனா அந்த இறக்கத்துல மீரியபெத்தை இருக்கு. 2014 அக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயங்களை மூடின இடம். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைங்க திரும்பி வந்தப்போ வீடும் இல்ல, வீட்டுல இருந்தவங்களும் இல்ல. அங்க போனா சைக்கிளை விட்டு இறங்குங்க. கேமராவைப் பையில வைங்க. கொஞ்ச நேரம் நில்லுங்க. அங்க கேட்கிற தண்ணிச் சத்தம் எனக்கு வேற எங்கயும் கேட்கிற மாதிரி இல்ல.

அதுக்குப் பின்னாடியும் மலை சும்மா இல்ல. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ பதுளை மாவட்டம் ரொம்ப மோசமா அடிபட்டுச்சு. ரோடு போச்சு, ரயில் பாதை போச்சு, உசுரு போச்சு. அதனால நான் இங்க எழுதுற எந்த ரோடும் நீங்க போற அன்னைக்கு அப்படியே இருக்கும்னு நம்பாதீங்க. மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுது, அதைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் இங்க மழைக்காலம், அப்போ நான் உள் ரோட்டுக்குப் போறதில்ல. ஜனவரிக் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் அருமை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் காய்ஞ்சிருக்கும், காத்துதான் தள்ளும்.

பூணாகலைக்கு மேல ஒரு கடையில ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு பாட்டி வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"ஸ்பிரிங்வெலிப் பக்கம் பாட்டி."

"அங்க யாரு வீட்டுப் புள்ள?"

தாத்தா பேரைச் சொன்னேன். தெரியலன்னாங்க. ஆனா சைக்கிளை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இந்த ரோட்டுல ஏன்யா வந்து கஷ்டப்படுற?"ன்னு கேட்டாங்க. கல்லு ரோட்டுல ஓட்டத்தான் பாட்டி பிடிக்கும்னு சொன்னேன். அவங்க சிரிக்கல. "எங்க மருமவளுக்கு இடுப்புவலி எடுத்து லொறியில ஏத்திக்கிட்டுப் போனோம். இந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள புள்ள பொறந்துருச்சு. எப்பய்யா காபட் போடுவாங்க?"

இதைத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சது.

நாம கிரவல்னு கொண்டாடுற ரோட்டுல பாதி, கிரவல் ரோடே இல்ல. ஒரு காலத்துல தார் போட்டு, பிறகு யாரும் திரும்பிப் பார்க்காம, தார் கரைஞ்சு, அடியில அடுக்கின கல்லு வெளியே தெரியுற ரோடு. நமக்கு அது ஒரு ஞாயித்துக்கிழமை. அங்க இருக்கிறவங்களுக்கு அது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மரக்கறி விலை. அந்த ரோட்டுக்கெல்லாம் காபட் போடணும். நாளைக்கே போடணும். போட்டா எங்க சைக்கிள் கூட்டத்துல சிலருக்கு வருத்தமா இருக்கும், தெரியும். இருக்கட்டும். மலைக்குள்ள லொறி போகாத வண்டி ரோடு இன்னும் நிறையக் கிடக்கு, அது நமக்குப் போதும்.

இப்போ பெக்கோ ட்ரெயில்னு ஒண்ணு வந்திருக்கு. கண்டி ஹந்தானையில ஆரம்பிச்சு, அப்புத்தளை, எல்ல வழியா சுத்தி நுவரெலியாவுல முடியற 300 கிலோமீட்டருக்கு மேல பாதை, 22 பகுதியாப் பிரிச்சு வச்சிருக்காங்க. பெரும்பாலும் பழைய தோட்டத்து வழிங்கதான். நடக்கிறவங்களுக்குன்னு போட்டாலும் நிறைய இடத்துல சைக்கிளும் போகும். நல்ல வேலை. அந்தப் பாதையோரத்து லயத்துல இருக்கிறவங்க ஒரு தேத்தண்ணிக் கடை போட்டு, ரெண்டு அறையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற அளவுக்கு வந்தா இன்னும் நல்ல வேலைன்னு சொல்லுவேன். அதுக்கு முதல்ல அந்த வீடும் நிலமும் அவங்க பேர்ல இருக்கணும்.

சைக்கிளைப் பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. நான் ஓட்டிப் பார்த்துத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

35 மில்லிமீட்டர் டயர் போட்டுப் பார்த்தேன். நம்ம மலைக்குப் பத்தாது. இங்க ரோட்டுல வெங்கச்சாங்கல்லு அதிகம், உடைஞ்ச விளிம்பு கத்தி மாதிரி. காத்தைக் குறைச்சா ட்யூப் கடிபடும், கூட்டினா கை உதறும். 40 பரவாயில்ல. 45 போட்ட பிறகுதான் நிம்மதி. எனக்கு 30ல இருந்து 35 பி.எஸ்.ஐ. சரியா இருக்கு, எடை கூடினவங்க கொஞ்சம் கூட்டிக்கங்க. கியர் முன்னாடி இருக்கிறதைவிடப் பின்னாடி பல்லு கூட இருக்கணும். நான் முன்னாடி 30, பின்னாடி 42 வச்சிருக்கேன். கொங்கிரீட் ஏத்தத்துல அதுவும் சில நேரம் பத்தல.

ஆனா புதுசா வாங்கப் போறவங்களுக்கு என் கருத்து வேற. லட்சக்கணக்குல கொட்டி கிரவல் பைக் வாங்கத் தேவையே இல்ல. பழைய 26 இஞ்சி மவுண்டன் பைக் ஒண்ணு, முன்னாடி ஸ்பிரிங் இல்லாதது, கிடைச்சா எடுங்க. ஏன்னா லுமாலா சைக்கிள் புண்ணியத்துல அந்த சைஸ் ட்யூபும் டயரும் பசறையிலயும் கிடைக்கும், வெலிமடையிலயும் கிடைக்கும். பெரிய சக்கரத்து டயர் கிழிஞ்சா கொழும்புல இருந்துதான் வரணும். பிரேக் கட்டையைப் புதுசா மாத்திக்கங்க. இறக்கம் நீளம், பழைய கட்டை தாங்காது.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும். அது எல்லாருக்கும் தெரியும்.

குளவிதான் விசயம். தோட்டத்துல பெரிய மரத்துலயும் பாறை இடுக்குலயும் கூடு கட்டியிருக்கும். கொழுந்து பறிக்கிறவங்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில சேர்த்தாங்கன்னு பேப்பர்ல அடிக்கடி பார்க்கிறீங்க இல்லையா, செத்துப்போனவங்களும் உண்டு. அதனால நிழலா இருக்குன்னு பெரிய மரத்தடியில நிக்கிறதுக்கு முன்னாடி அண்ணாந்து பாருங்க. ட்ரோன் பறக்க விடாதீங்க. (இதைத் தனியா எழுதணும். ட்ரோன் சத்தத்துல குளவி கிளம்பினா, நீங்க சைக்கிள்ல தப்பிச்சிருவீங்க. மலையில நிரையில நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?) மருந்து அடிக்கிற நாள்ல அந்த மலைக்குள்ள போகாதீங்க.

தோட்டத்து ரோடு கம்பெனி ரோடு. கேட்டுல வாச்சர் இருந்தா நிறுத்தி, எங்க போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. ஸ்டோர் பக்கம், ஆபீஸ் பக்கம் மெதுவா. காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு நேரமும், கொழுந்து நிறுக்கிற நேரமும் ரோடு நிறைய ஆளுங்க இருப்பாங்க. மணி அடிச்சு ஒதுங்கச் சொல்லாதீங்க, நீங்க ஒதுங்குங்க. படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. கேட்டா தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டு நல்லா நின்னு தருவாங்க. எடுத்த படத்தை அனுப்பி வைங்க, லயத்துல எல்லார் கையிலயும் போன் இருக்கு. யாராவது கையை ஆட்டினா திரும்ப ஆட்டுங்க.

மடுல்சீமைப் பக்கம் நான் இன்னும் சரியா ஓட்டல. பசறையில இருந்து மடுல்சீமைக்கு ஏறி, குட்டி உலகமுடிவுன்னு சொல்ற மலை விளிம்பைப் பார்த்துட்டு, திரும்பி வராம உள் ரோட்டுலயே லுணுகலைக்கு இறங்கிற முடியுமான்னு பார்க்கணும். வரைபடத்துல ஒரு கோடு தெரியுது. ஆனா புயலுக்குப் பிறகு அந்தக் கோட்டுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அந்தப் பக்கத்து ஆளுங்கதான் சொல்லணும். மடுல்சீமை, லுணுகலைக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வரி எழுதிப் போடுங்க. கான் எப்படி இருக்கு, பாலம் எதுவும் போயிருக்கா, வழியில ரொட்டிக் கடை எங்க இருக்கு. மாசிக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்னு இருக்கேன்.